கயிறு கட்ட மரமில்லாத இடம்

எங்கே போனாலும் கயிற்றை மறக்காத என் அப்பாவுக்கு,

நாளை கல்லறைத் திருநாள். இந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் நீங்கள் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் கொடியில் காயவைப்பீர்கள். தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாது என்று அம்மாவிடம் மிளகுத் தண்ணீர் கேட்பீர்கள். இன்று அம்மா யாரும் கேட்காமலே மிளகுத் தண்ணீர் போட்டு, கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்குப் பெயர் சொல்லப் போகிறவள் நான்தான், அப்பா. அது ஆறிக்கொண்டிருக்கிறது. நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் தோட்டத்து வழக்கம் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் நம் மாதா கோயிலுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது நீங்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற சவரிமுத்து, கோயிலுக்குள் வந்தால் உபதேசியார். கல்லறைத் திருநாள் சாயங்காலம் தோட்டத்தில் இறந்துபோன நம் சனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நீங்கள் சொல்ல வேண்டும். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார். ஒவ்வொரு பெயருக்கும் சனங்கள் "இளைப்பாறட்டும்" என்று பதில் சொல்வார்கள். எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டீர்கள். கப்பலில் வந்து இறங்கிய வருஷமே காய்ச்சலில் போனவரிலிருந்து போன மாதம் போன குழந்தைவரை எல்லாம் உங்கள் நாக்கில் இருக்கும்.

ஒரு பெயரைத் தவிர.

அண்ணன் போனபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். "பால்மரத்துல என்னடா இருக்கு, லம்பத்துக்குப் போ" என்று நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்ட வேலை அது. சிம்பாங் பூலாயைத் தாண்டி, ஒரு ஈய லம்பம். தண்ணீரைப் பீச்சி மண்ணைக் கரைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலைத் துப்புகிற இடம். குழிக்குள் தண்ணீர்க் குழாய் பிடிக்கும் வேலை அண்ணனுக்கு. ஒரு நாள் மத்தியானம் கரை சரிந்தது. தோண்டினார்கள், தோண்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. அவன் சாப்பாட்டுச் சட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

அந்த வருஷம் கோயிலில் நீங்கள் கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். அம்மா தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தார். நீங்கள் சிலுவை போட்டு முடித்துவிட்டீர்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார். உங்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வராது. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஊருக்குத்தான் உபதேசம்."

நான் உங்கள் பக்கமும் இல்லை, அம்மா பக்கமும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் இருந்தது. ஊரில் உள்ளவன் பிள்ளைக்கெல்லாம் ஜெபம் சொல்கிற மனுஷருக்குத் தன் பிள்ளை என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டையா? ஈப்போவில் சட்டை தைக்கும் ஃபேக்டரிக்குப் போய், சொந்தச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு இந்தக் கோபம் இன்னும் பெரிதாகிவிட்டது. உங்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஈயத்தின் விலை விழுந்தது. லம்பங்களெல்லாம் ஒவ்வொன்றாக மூடினார்கள். வேலிக் கம்பியைக்கூட யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், லீவு போட்டுவிட்டு வந்திருந்த என்னிடம் வந்து நின்றீர்கள்.

"செலினு, ஒன் மோட்டார்ல எண்ணெ இருக்கா?"

"இருக்குப்பா. எங்க போறோம்?"

"லம்பத்துக்கு. ஒரு ராத்திரி அங்க படுத்துட்டு வந்துரலாம்லா."

உங்களுக்கு மூளை கலங்கிவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன். தவக்காலத்துப் பிரசங்கத்தில் சாமியார் பாலைவனத்தைப் பற்றிச் சொன்னபோது, "நம்ம பக்கத்துலயே ஒன்னு இருக்கே" என்று நீங்கள் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. அதை நான் அன்று விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவையும் கூப்பிட்டோம். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "எம்புள்ள எங்க படுத்திருக்கான்னு தெரியாது. நான் எங்கன்னு கால வைப்பேன்? அவன மிதிச்சிட்டா?" என்றார். நீங்கள் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய தார்ப்பாயையும் கயிற்றையும் எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தீர்கள். அம்மா எழுந்துபோய் எங்கள் இருவருக்கும் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்தார்.

என் கப்சாய் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து நீங்கள் வந்த லட்சணத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு லாரிக்கும் "பிரேக்கு, பிரேக்கு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். நிற்காத இடத்திலெல்லாம் உங்கள் கால் தரையைத் தேய்த்தது. சிம்பாங் பூலாயில் கோப்பி குடிக்க நிறுத்தியபோது உங்கள் செருப்பு பாதியாகிவிட்டிருந்தது.

மணல் தொடங்கும் இடத்தில் அந்தச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. "சுடும்ப்பா, போட்டுக்குங்க" என்றேன். "அம்மா சொன்னது சரிதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள். நானும் கழற்றினேன். சுட்டது. ஒரு பையில் சோறு, ஒரு பையில் மெழுகுவத்தி, மோட்டாரை மணலில் தள்ளிக்கொண்டு நான் உங்கள் பின்னால் வந்தேன்.

வெள்ளை மணல். தூரத்தில் சுண்ணாம்பு மலைகள் நிற்கும் இடம்வரை வெள்ளை மணல். நடுவில் அங்கங்கே பச்சையாகத் தேங்கிய குட்டைகள். ஒரு பறவையும் இல்லை. நான் படத்தில்தான் பாலைவனம் பார்த்திருக்கிறேன். நம் வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று கிடந்ததும், அதற்குள் அண்ணன் இருந்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டே தள்ளினேன்.

குட்டைக் கரையில் ஒரு சீனக் கிழவர் வாத்து வளர்த்துக்கொண்டிருந்தார். அவரும் முன்பு அந்த லம்பத்திலேயே வேலை செய்தவர். கரை சரிந்த இடம் எது என்று நீங்கள் மலாயில் கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். வாத்துத் தீவனத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். சரிந்த இடத்தையே பிறகு தோண்டினார்களாம். அந்த மணலை அங்கே கொட்டினார்களாம். விலை ஏறியபோது கொட்டியதை மறுபடி அள்ளிக் கழுவி இன்னொரு பக்கம் கொட்டினார்களாம். கையை ஒரு சுற்றுச் சுற்றி, "செமுவா பாசிர், தவுக்கே. செமுவா சமா" என்றார். எல்லாம் மணல்தான் ஐயா, எல்லாம் ஒன்றுதான்.

நீங்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். கையில் செருப்பு. இத்தனை வருஷமும் ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள் இல்லையா, அப்பா? வேலி இருக்கிறது, காவல்காரன் இருக்கிறான், அதனால் போக முடியவில்லை. போக முடிந்தால் அந்த இடத்தைப் பார்த்துவிடலாம் என்று. கிழவர் உங்களுக்கு ஒரு வாத்து முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

"அப்ப எங்கன்னு படுக்கிறது?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"எங்க படுத்தாலும் அண்ணன் பக்கத்துலதாம்ப்பா."

ஒரு மேட்டைப் பார்த்துப் போனோம். நீங்கள் தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் கயிற்றைக் கட்டி, ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தீர்கள். வலது பக்கம் பார்த்தீர்கள். இடது பக்கம் பார்த்தீர்கள். கயிற்றோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினீர்கள். பிறந்ததிலிருந்து பால்மரக் காட்டுக்குள்ளேயே இருந்த மனுஷர், கையை நீட்டினால் மரம். கயிறு என்றால் கட்டுவதற்கு மரம் இருக்கும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எனக்கும்தான் வரவில்லை. ஒரு குச்சியோ ஒரு கம்போ நாம் கொண்டுவரவில்லை.

"மரமே இல்லலா" என்றீர்கள், யாரோ திருடிக்கொண்டு போய்விட்ட மாதிரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காத லா" என்று அதட்டினீர்கள். பிறகு உங்கள் வயிறும் குலுங்க ஆரம்பித்தது. அண்ணன் போன பிறகு உங்கள் பல் தெரிய நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரு மரம்கூட இல்லாம ஆண்டவர் ஏன் இப்படி ஒரு எடத்தப் படைச்சாரு?" என்றீர்கள். "இது ஆண்டவர் படைச்சது இல்லப்பா. கம்பெனிக்காரன் படைச்சது" என்றேன். நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்.

ஒரு பக்கத்தை மோட்டாரின் ஹேண்டிலில் கட்டினோம். மறுபக்கத்துக்குத் தார்ப்பாயைச் சுற்றி எடுத்துவந்த சாக்கில் மணலை நிரப்பி மேலே வைத்தோம். தவழ்ந்து போகிற உயரத்துக்குத்தான் வந்தது. அது போதும் என்றீர்கள். பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தீர்கள். அதற்குள் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்தி, மணலில் பாதி புதைத்து வைத்தீர்கள். கல்லறை இருக்கிற குடும்பங்கள் அதே நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கும்.

சோறு தின்றோம். இருட்டியது. "வானம் இவ்ளோ பெருசா?" என்றீர்கள். தோட்டத்தில் இலைகளுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தானே அதைப் பார்த்திருக்கிறீர்கள். பிறகு நான் கேட்காமலே பேசினீர்கள்.

"பாலைவனத்துல ஆண்டவரோட பேசலாம்னு சாமியார் சொல்றாரு. நான் அதுக்கு வரல. எனக்குப் பேச வேண்டியது ஒன் அண்ணன்கிட்ட."

"பேசுங்க."

"எங்க பார்த்துப் பேசுறது?"

மங்கைச் சுற்றி மணலைக் கூட்டிக்கொண்டே, "அவன் பேரச் சொல்லி, சனமெல்லாம் இளைப்பாறட்டும்னு சொல்லிட்டா அப்புறம் யாரு அவனைத் தேடுவா?" என்றீர்கள். என் கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது, அப்பா. பெயரைச் சொல்லாமல் விட்டது பிள்ளையை மறந்ததால் இல்லை. நீங்கள் ஒரு ஆள் மட்டும் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் தூங்கிவிட்டேன். நீங்கள் தூங்கினீர்களோ என்னவோ. மரம் வெட்டப் போகிற நேரத்துக்கு வழக்கம்போல எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதுதான் மழை பிடித்தது. அந்த நேரத்து மழை என்றால் தோட்டத்தில் வெட்டு இல்லை, திரும்பிப் படுக்கலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மோட்டாரின் ஸ்டாண்டு நனைந்த மணலில் இறங்கி, மோட்டார் சாய்ந்து, தார்ப்பாய் மெழுகுவத்தியின் மேல் விழப் பார்த்தது. நீங்கள் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டீர்கள்.

"உக்காருங்கப்பா, போர்த்திக்கிட்டு உக்காரலாம்."

"வெளக்கு அணைஞ்சிரும்."

கை இரண்டையும் உயர்த்தி, காலை அகட்டி, மரமாகவே நின்றீர்கள். மழை விடவில்லை. நான் எழுந்து உங்கள் முழங்கைக்குக் கீழே தோள் கொடுத்தேன். அப்போது பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். கோயிலில் சொல்கிற அதே குரல், அதே வரிசை. கப்பலில் வந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக. நான் ஒவ்வொன்றுக்கும் "இளைப்பாறட்டும்" என்றேன். கடைசிப் பெயர் வந்தது. நான் காத்திருந்தேன். அம்மா காத்திருக்கிற மாதிரி.

"கை வலிக்குது, செலினு" என்றீர்கள்.

அவ்வளவுதான். பெயர் வரவில்லை. ஆனால் கையை இறக்கவும் இல்லை. மழை ஓய்ந்து வெளிச்சம் வந்தபோது மங்குக்குள் மெழுகு கொஞ்சம் மீதி இருந்தது. அதை நீங்கள் ஊதி அணைக்கவில்லை. எரிந்து முடியட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மணல் முடிகிற இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தீர்கள். "எடம்னு ஒன்னு இல்ல. பேரு ஒன்னுதான் மிச்சம். அதையும் நானே வச்சிக்கிட்டேன், ஒங்கம்மாவுக்குக் குடுக்கல" என்றீர்கள். நான் மோட்டாரை உதைத்துக் கிளப்பினேன். வழியில் எந்த லாரிக்கும் நீங்கள் பிரேக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலில் உங்கள் குரல் கட்டியிருந்தது. கை இரண்டையும் தூக்க முடியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றீர்கள். வரிசையாகச் சொல்லி முடித்தீர்கள். சனங்கள் சிலுவை போடக் கையை எடுத்துவிட்டார்கள். "சவரிமுத்து மகன் ஞானப்பிரகாசம்" என்றீர்கள். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா மட்டும்தான் தயாராக இருந்தார். அந்தக் கோயிலில் தனியாக ஒரே ஒரு குரல், "இளைப்பாறட்டும்."

வெளியே வந்து அம்மா உங்கள் கையை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமே இல்லை.

இப்போதைய சங்கதிகளைச் சொல்ல வேண்டுமே. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், அப்பா. பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டு வருகிறார்கள். வீடுகள் கட்டப் போகிறார்களாம். பாதிப் பேர் ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். கோயிலை மட்டும் அடுத்த வருஷம்வரை விட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் கல்லறையைச் சுற்றி நானே புல் வெட்டினேன். அதன் பக்கத்தில் அம்மா ஒரு கை அகலத்துக்கு இடத்தைச் சுத்தம் செய்து, தனியாக ஒரு மெழுகுவத்தி நட்டார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த லம்பத்து மணலில் யாரோ எருப்போட்டுக் கொய்யா நட்டிருக்கிறார்கள். போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நிற்கிறது. இங்கே தோட்டத்தில் மரம் போகிறது, அங்கே மணலில் மரம் வருகிறது. இனிமேல் அங்கே போனால் கயிறு கட்ட மரம் இருக்கும். நீங்கள்தான் இல்லை.

உபதேசியார் இடத்துக்கு யாரும் வரவில்லை. பெயர்களை யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, "ஒனக்குத்தானே தெரியும், நீ சொல்லு" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள். தெரியும்தான். மழையில் நின்று கற்றுக்கொண்டேனே. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கப்பலில் வந்தவரிலிருந்து அண்ணன்வரை தடங்கலில்லாமல் வருகிறது. அண்ணனுக்கு அடுத்த பெயரில் நாக்கு நின்றுவிடுகிறது. உங்களை நான் என் கையால் மண் போட்டுப் புதைத்தேன். எங்கே படுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல முடியவில்லை. தெரியாமல் அத்தனை வருஷம் நின்றீர்களே, எப்படி நின்றீர்கள்?

சற்று முன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "அப்பா பேர நான் எப்படிம்மா சொல்வேன்?"

அம்மா உங்கள் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அதற்கும் நீலம் போட்டிருக்கிறார், ஏனென்று தெரியவில்லை. மடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "நீ சொல்லு. பதில் சொல்ல நான் இருக்கேன்."

சொல்லிவிடுகிறேன், அப்பா. கை வலித்தாலும் இறக்க மாட்டேன். அண்ணன் பெயரைச் சொல்லி, மூச்சு விடாமல் அதோடு சேர்த்து உங்கள் பெயரையும் சொல்லிவிடுகிறேன். இனி நீங்கள் அவனைத் தேட வேண்டாம். மிளகுத் தண்ணீர் ஆறிப்போய்விட்டது. குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

சவரிமுத்து மகள்,
ஞானப்பிரகாசம் தங்கை,
செலின்